அத்தியாயம் 7: முன்பே எரிந்த நெருப்பு

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா வழியாக ஹம்ப்தா கணவாயைக் கடந்து, மறுபக்கம் லாஹௌல் பகுதியில் சத்ருவில் இறங்கும் பாதை, தமிழ்நாட்டிலிருந்து இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது நன்கு பழகிவிட்டது. கணவாயின் உயரம் சுமார் 4,270 மீட்டர். நான்கைந்து நாள் நடை. பெரும்பாலோர் ஏற்பாட்டாளர்களோடு போகிறார்கள். சமையல்காரர், சுமை தூக்கும் கோவேறு கழுதை, பிரஷர் குக்கர் எல்லாம் கூடவே வரும். சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கூடாரம், தூக்கப்பை, சோறு எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமந்து போக நினைக்கிறவரின் நிலைமை வேறு. அதிலும் அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவராக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: ஐந்து நாளைக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாம் கடைக்குப் போகிறோம். என் கருத்தில், போக வேண்டிய இடம் நம் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டு. அவல், பொட்டுக்கடலை, பருப்புப் பொடி, வற்றல், எள்ளுருண்டை என்று அங்கே வரிசையாக இருக்கும் டப்பாக்களில் இருப்பவை எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நெருப்பைக் கண்டவை. அந்த நெருப்புக்குரிய விறகையோ கேஸையோ மலைக்குச் சுமந்து போக வேண்டாம். மலைக்கான சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான சங்கதி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை விளக்குவதற்கு முதலில் எடையிலிருந்து தொடங்குவோம்.

அறுபது, அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் பன்னிரண்டு கிலோ பையைச் சுமந்துகொண்டு ஏழெட்டு மணி நேரம் ஏறி இறங்கினால் அன்றைக்கு அவருக்கு 3,000 முதல் 3,500 கலோரி வரை செலவாகும். (கலோரி என்று நாம் பேச்சில் சொல்வது கிலோ கலோரியை, இந்த அத்தியாயத்திலும் அப்படியே.) வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு சுமார் 130 கலோரிதான் இருக்கிறது. காரணம், அந்த நூறு கிராமில் எழுபது கிராம் தண்ணீர். சோற்றை மட்டுமே சாப்பிட்டு 3,000 கலோரி சேர்க்க வேண்டுமானால் நாளொன்றுக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் வேண்டும். ஐந்து நாளைக்குப் பதினோரு கிலோவைத் தாண்டிவிடும். அதே கலோரியை அரிசியாகக் கொண்டுபோனால் நாளைக்கு 850 கிராம் போதும். நெய்யாகக் கொண்டுபோனால் 340 கிராம். நெய்யை மட்டும் குடித்து யாரும் மலையேற முடியாது என்றாலும், இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதுகுப்பையின் கணக்கு விளங்கிவிடும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9 தருகிறது, தண்ணீர் ஒன்றும் தருவதில்லை.

இங்கேதான் கடையில் விற்கும் "அப்படியே சாப்பிடலாம்" வகைப் பொட்டலங்கள் பலரை ஏமாற்றுகின்றன. சமைத்த பருப்பையும் கறியையும் பல அடுக்குப் படலப் பையில் அடைத்து, 121 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்தக் கலத்தில் சூடாக்கி, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற ஆபத்தான நுண்ணுயிரின் விதைத்துகள் வரை கொன்றுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாது. ரயில் பயணத்துக்கும் விடுதி அறைக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் உள்ளே இருப்பது குழம்புதான். அதன் தண்ணீர் அப்படியே இருக்கிறது. முந்நூறு கிராம் பொட்டலத்தைச் சுமக்கிறவர் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீரையே சுமக்கிறார், அதுவும் நாலு பக்கமும் ஓடை சலசலக்கும் ஒரு பள்ளத்தாக்கில். கெடாமல் இருப்பது வேறு, எடை குறைவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பை கனத்துப்போகிறது.

அப்படியானால் அரிசியையும் துவரம்பருப்பையும் பச்சையாகக் கொண்டுபோய் அங்கே சமைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் உயரம் குறுக்கே நிற்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் கொதிக்கிறது. பாலு கா கேரா முகாமின் உயரத்தில் 88 டிகிரி பக்கத்திலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பம் ஏறாது; நீர்தான் ஆவியாகிப் போகும். பருப்பு வேகுவது என்பது அதன் செல் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்து நெகிழ்வதுதான். அந்த வேலையின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்தால் நேரம் இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ நீளும். ஊரில் அரை மணி நேரத்தில் குழையும் பாசிப்பருப்பு அங்கே ஒரு மணி நேரம் கொதித்தும் பல்லில் கடிபடும். துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலை முகாம்களின் சமையல்காரர்கள் பிரஷர் குக்கரைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வருவது வீம்புக்காக அல்ல, பௌதிகத்துக்குக் கட்டுப்பட்டுத்தான். தனியாகப் போகிறவரால் குக்கரைச் சுமக்க முடியாது.

நெருப்புக்கும் எடை உண்டு. மலையேறிகள் பயன்படுத்தும் சிறிய கேஸ் டப்பா ஒன்றில் 230 கிராம் எரிவாயு இருக்கும். ஓடையிலிருந்து 5 டிகிரியில் எடுத்த ஒரு லிட்டர் நீரை 88 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 350 கிலோ ஜூல் வேண்டும். எரிவாயுவின் ஒரு கிராம் ஏறத்தாழ 46 கிலோ ஜூல் தரும். வெப்பத்தில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 15 கிராம் செலவு. காற்று வீசினால் அது இரட்டிப்பாகும். கொதிக்கவைத்து இறக்கிவிடும் சமையலுக்கு இவ்வளவுதான். பச்சைப் பருப்பையும் அரிசியையும் வேகவைக்க அடுப்பைச் சிறு தீயில், ஒரு கிலோவாட் அளவில், மேலும் அரை மணி நேரம் வைத்திருந்தால் அதற்கென்று தனியாக 39 கிராம் எரியும். மணி நேரக்கணக்கில் வைத்தால் ஒரு வேளைச் சோற்றுக்கே டப்பாவின் மூன்றிலொரு பங்கு போய்விடும். விமானத்தில் கேஸ் டப்பாவைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. மணாலியில் போய்த்தான் வாங்க வேண்டும். கிடைப்பது சாதாரண பியூட்டேன் டப்பாவாக இருந்தால் இன்னொரு சிக்கல்: உறைநிலையை ஒட்டிய விடியற்காலைக் குளிரில் பியூட்டேன் சரியாக வாயுவாக மாறாது, தீ சோம்பிப்போகும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டப்பாவைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆகவே தேவைப்படுவது தண்ணீர் நீங்கிய உணவு; அதே சமயம் ஏற்கெனவே வெந்த உணவு. இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும். பச்சை அரிசியில் முதலாவது மட்டும் இருக்கிறது. கடைப் பொட்டலத்தில் இரண்டாவது மட்டும் இருக்கிறது. அவலில் இரண்டும் இருக்கின்றன.

ஒரு பிடி அவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரங்கள் ஒழுங்கில்லாமல், நடுவில் நரம்பு போல லேசாகத் தடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் பாதி ஒளியை விடும் ஒரு தகடு. அதன் பின்னால் நான்கு வேலைகள் நடந்திருக்கின்றன. நெல்லை ஊறவைக்கிறார்கள். ஈரநெல்லைச் சூடான மணலிலோ சட்டியிலோ வறுக்கிறார்கள். சூடு ஆறி இறுகுவதற்குள் உலக்கையால் இடிக்கிறார்கள். இன்று பெரும்பாலும் ஆலையின் உருளைகள் அந்த வேலையைச் செய்கின்றன. பிறகு உமி நீக்கிக் காயவைக்கிறார்கள். இதில் நிகழும் வேதியியல் அழகானது. அரிசியின் மாவுச்சத்து, இறுக்கிச் சுற்றிய நூற்கண்டு போலச் சிறு மணிகளாக அடைந்துகிடக்கிறது. அதற்குள் பச்சைத் தண்ணீர் நுழைய முடியாது. நுழைந்தாலும் நம் செரிமான நொதிகளுக்குப் பிடி கிடைக்காது. ஈரமும் 70 டிகிரியை ஒட்டிய வெப்பமும் சேர்ந்தால் அந்தக் கட்டு அவிழ்கிறது. சோறு வேகுவதென்றால் இதுதான். ஊறிய நெல் வறுபடும்போது உமிக்குள்ளேயே, தன் ஈரத்திலேயே அது வெந்துவிடுகிறது. பிறகு இடிபட்டுத் தட்டையாவதால் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. அதனால்தான் மெல்லிய அவல் குளிர்ந்த நீரில்கூட இரண்டு மூன்று நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடுகிறது. கெட்டி அவலுக்குக் கால் மணி நேரமும் கொஞ்சம் வெந்நீரும் கொடுத்தால் சோறு சாப்பிட்ட நிறைவு கிடைக்கும். எடையோ அரிசியின் எடைதான். கலோரியும் கிட்டத்தட்ட அதே 350.

1958-இல் ஜப்பானில் மோமோஃபுக்கு ஆண்டோ உடனடி நூடுல்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பயன்படுத்தியதும் இதே தத்துவம்தான்: முதலில் ஆவியில் வேகவை, பிறகு எண்ணெயில் பொரித்து நீரை விரட்டு. இமயமலையின் தேநீர்க் கடைகளில் எந்த உயரத்திலும் நூடுல்ஸ் கிடைப்பதற்கு இதுவே காரணம். 85 டிகிரித் தண்ணீரே அதற்குப் போதும். திபெத்திய மக்களின் சம்பா, வறுத்த பார்லியின் மாவு. வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருட்டிச் சாப்பிடுகிறார்கள். பீகாரின் சத்து, வறுத்த கடலையின் மாவு. உப்பும் வெங்காயமும் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் ஒரு வேளை ஆகாரம். ஆண்டீஸ் மலையில் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீர் பிழிந்து, வெயிலில் காயவைத்துச் சுன்யோ செய்கிறார்கள். விறகு அரிதான இடத்திலும் வழி நெடிதான இடத்திலும் வாழ்ந்த மக்கள் அத்தனை பேரும், ஒருவரையொருவர் அறியாமலே, நெருப்பையோ வெயிலையோ பனியையோ ஊரிலேயே செலவழித்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. மைசூரில் 1961-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் உயர்ந்த மலைகளில் காவல் நிற்கும் வீரர்களுக்காக உடனடி உப்புமாவும் பல மாதம் தாங்கும் சப்பாத்தியும் உருவாக்கியது இந்தப் பாதையின் நீட்சிதான்.

நம் வீட்டுச் சத்துமாவு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பல வீடுகளில் தானியத்தை லேசாகச் சூடுகாட்டி, அல்லது வெயிலில் காயவைத்து மட்டும் அரைக்கிறார்கள். அது காய்ச்சிக் குடிக்க வேண்டிய கஞ்சி மாவு. மலையில் அப்படியே பிசைந்து தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும். மலைக்கென்று செய்யும்போது கேழ்வரகையும் கம்பையும் ஊறவைத்து வடித்து, பொரியும் பதத்துக்கு வறுக்க வேண்டும். பொட்டுக்கடலையை மறுபடியும் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். வறுப்பதால் இன்னொரு பயனும் உண்டு. கம்பில் கொழுப்பு அதிகம். அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் கூடவே இருக்கிறது. அரைத்த மறுநாளிலிருந்தே பச்சைக் கம்பு மாவு கசக்கத் தொடங்குவது அந்த நொதியின் வேலை. நன்றாக வறுபட்டால் நொதி செயலிழந்துவிடும். மாவு வாரக்கணக்கில் வாசனை மாறாமல் இருக்கும்.

அவலும் மாவும் காலைக்கும் நண்பகலுக்கும் ஆகும். இரவில், கை விறைக்கும் குளிரில் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது மனம் கேட்பது சூடான பருப்புச்சோற்றைத்தான். அதை வீட்டிலேயே உலர்த்திக்கொள்ள முடியும். துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் சமபாதி எடுத்துக் குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்து, மஞ்சள், உப்பு, சீரகம், பொடியாக நறுக்கிய தக்காளி, கேரட் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, மத்தால் மசித்துவிட வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது; தண்ணீர் காயும், எண்ணெய் காயாது, காயாத எண்ணெய் சிக்குப் பிடிக்கும். மசித்ததைத் தட்டில் தோசை மாவைவிட மெல்லியதாகப் பரப்பி, 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் எட்டுப் பத்து மணி நேரம் வைத்தால் தட்டிலிருந்து தானாகவே ஏடு ஏடாகப் பிரிந்து வரும். அதற்கென்று உலர்த்தும் பெட்டி விற்கிறார்கள். இல்லாதவர்களுக்கு வடகம் காயவைக்கும் ஏப்ரல் வெயில் இரண்டு நாள் போதும். வளைத்தால் மடங்காமல் படக்கென்று உடைய வேண்டும். மடங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது.

அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் காரியம் கெடும். மேற்பரப்பு சட்டென்று காய்ந்து தோல் போல இறுகிவிட, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபடும். வெளியே மொறுமொறுவென்று இருக்கும். நாலாம் நாள் பையைத் திறந்தால் பூசணம். முழுதாக வெந்த கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவை உலர்த்துவதற்கு உகந்தவை அல்ல என்பதற்கும் இதுதான் காரணம். தோல் தடிப்பு, நடுவே தூரம் அதிகம். காய்வதும் கஷ்டம், மலையில் மறுபடி ஊறுவதும் கஷ்டம். மசித்த பருப்பு ஏட்டை உடைத்துப் போட்டு, கொதித்த நீரை ஊற்றி மூடி, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி வைத்தால் பத்து நிமிடத்தில் சாம்பார் பதம் வந்துவிடும். வடித்த சோற்றையும் இதேபோல் உலர்த்தலாம். பச்சரிசிச் சோறு புழுங்கலரிசியைவிடச் சீக்கிரம் ஊறும். அரை கிலோ வெந்த பருப்பு உலர்ந்தபின் நூற்றுச் சொச்சம் கிராம்தான் நிற்கும். தாளிப்பு எண்ணெய்யைத் தனிச் சிறு புட்டியில் எடுத்துப்போய் அங்கே ஊற்றிக்கொள்ளலாம்.

எந்த எண்ணெய்? கிராமுக்கு 9 கலோரி என்பதால் கொழுப்பு முதுகுக்கு நண்பன். ஆனால் எல்லாக் கொழுப்பும் பயணத்தைத் தாங்காது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த வால்நட் பருப்பு உடைத்து வைத்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவில் காறல் அடிக்கும். தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது, ஆகவே கொப்பரை தாங்கும். நெய்யில் தண்ணீர் இல்லாததால் கெடுவதில்லை, என்றாலும் குளிரில் கல்லாக இறுகிவிடும். ஸ்பூனால் குடைந்துதான் எடுக்க வேண்டும். நல்லெண்ணெய்யை நான் இவற்றுக்கெல்லாம் மேலாகச் சொல்வேன். அதில் இயல்பாகவே இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன; உறைநிலைக்குப் பக்கத்திலும் ஊற்ற வரும்; பொடியில் குழைத்தால் சுவைக்குக் கேட்கவே வேண்டாம்.

எள்ளைப் பற்றி இன்னும் ஒன்று. பருப்பு வகைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் லைசின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் தாராளம். அவலும் பருப்புப் பொடியும் நல்லெண்ணெய்யும், அல்லது எள் சேர்த்து அரைத்த இட்லிப்பொடியும், ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் புரதக் கணக்கு நேராகிவிடும். மரக்கறிக்காரர்களுக்கு மலையில் புரதம் போதாது என்று சொல்பவர்கள் நாளைக்கு ஐம்பது கிராம் உலர்ந்த பருப்பையும் நாற்பத்தைந்து கிராம் பால்பொடியையும் நூறு கிராம் கடலைமிட்டாயையும் கூட்டிப் பார்க்கட்டும். அவற்றிலிருந்து மட்டுமே நாற்பது கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும். அவலும் சோறும் மீதியைத் தரும்.

இவ்வளவும் காகிதத்தில் சரியாக வந்தாலும், உயரத்தில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு பசிப்பதில்லை. மூவாயிரம் மீட்டரைத் தாண்டும்போது பலருக்குப் பசி மங்கிப்போகிறது. வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு உலர்ந்து, மூக்கும் அடைத்துக்கொள்வதால் ருசியும் மட்டுப்படுகிறது. ஊரில் அமிர்தமாக இருந்த நெய் மிதக்கும் பண்டம் அங்கே குமட்டும். உடலின் பொறியியலும் அந்த நேரத்தில் மாவுச்சத்தின் பக்கமே நிற்கிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7 தான். காற்று மெலிந்த இடத்தில் இந்தச் சிறு வித்தியாசத்துக்கும் மதிப்பு உண்டு. ஆகவே எடையை மட்டும் பார்த்து முழுக்க முந்திரியும் பாதாமுமாகப் பையை நிரப்புவது சரியான யோசனை இல்லை. எரிபொருளின் பெரும்பகுதி அவலாகவும் வெல்லமாகவும் பேரீச்சையாகவும் இருக்கட்டும். கொழுப்பு அதன் மேல் ஊற்றும் அளவில் இருக்கட்டும். கூடவே புளிப்பும் உறைப்பும் அவசியம். ஐம்பது கிராம் தக்காளித் தொக்கோ புளியிஞ்சியோ நாலு நாள் மங்கிய நாக்கை எழுப்பிவிடும். வியர்வையில் போன உப்பையும் திருப்பித் தரும். எண்ணெய்யில் சுருள வதக்கிய தொக்கு கெடாமலிருப்பதற்குக் காரணம், நுண்ணுயிர்களின் கைக்கு எட்டும்படியான தண்ணீர் அதில் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் உப்பும் புளியும் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

இனி ஒரு நாளின் பொட்டலத்தைக் கட்டிப் பார்க்கலாம். காலையில் அவல் நூறு கிராம், பால்பொடி இருபத்தைந்து, நாட்டுச் சர்க்கரை இருபத்தைந்து, முந்திரியும் திராட்சையும் இருபத்தைந்து. வெந்நீர் ஊற்றிக் கலந்தால் பாயசத்துக்குப் பக்கத்தில் வரும், 700 கலோரி. நடந்துகொண்டே கடிக்கக் கடலைமிட்டாய் நூறு கிராம், எள்ளுருண்டை ஐம்பது, பேரீச்சை ஐம்பது, சேர்த்து 880. (2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நம் நாட்டின் எந்தச் சத்துக் கட்டிக்கும் சளைத்ததல்ல. கடுங்குளிரில் பாகு கண்ணாடி போல இறுகிப் பல்லைப் பதம் பார்க்கும். காலையிலேயே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் இளகியிருக்கும்.) நண்பகலில் ஊறிய அவல் நூறு கிராமில் பருப்புப் பொடி இருபத்தைந்தும் நல்லெண்ணெய் பதினைந்தும் போட்டுப் பிசைந்தால் 585. இரவில் உலர்ந்த சோறு நூற்றுப்பத்து, பருப்பு ஏடு ஐம்பது, நெய் இருபது, 740. சுக்கு மல்லிக் காப்பிக்கு இருபது கிராம் பால்பொடியும் இருபது கிராம் கருப்பட்டியும் ஒரு 180. மொத்தம் 735 கிராமில் ஏறத்தாழ 3,100 கலோரி. ஐந்து நாளைக்கு மூன்றே முக்கால் கிலோ. இதில் அடுப்பு தேவைப்படுவது காலையிலும் இரவிலும் மட்டும், அதுவும் நீரைக் கொதிக்கவைக்க. ஒருவருக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டாலும், காற்றுக்கு மறைப்பு வைத்துச் சமைத்தால் ஒரு டப்பா கேஸ் தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. வழியில் தண்ணீர் இருக்க வேண்டும். ஹம்ப்தா பாதையில் ஓடைக்குப் பஞ்சமில்லை. நீரே இல்லாத மலைமுகட்டில் நடப்பதானால், உலர்ந்த சோற்றை ஊறவைக்கும் தண்ணீரையும் நாமே சுமக்க வேண்டும். அப்போது உலர்த்தியதால் எடையில் எந்த லாபமும் இல்லை. பேரீச்சை, சப்பாத்தி, கடலைமிட்டாய் போல ஊறவைக்கத் தேவையில்லாதவையே அங்கே நல்லது. ஓடை நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மேலே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். குளிர்ந்த நீரில் அவலை ஊறவைப்பதாக இருந்தால் வடிகட்டிய நீரிலோ, முந்தைய இரவு கொதிக்கவைத்து ஆறிய நீரிலோதான் ஊறவைக்க வேண்டும். கொதிநிலை குறைந்த உயரத்திலும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் இறந்துவிடும்.

முதல் நாளுக்கு மட்டும் உலர்ந்த உணவு வேண்டாம் என்பேன். உடம்பு இன்னும் ஊரின் பழக்கத்தில் இருக்கும். பையிலும் கடைசியாக வைத்தது மேலேயே இருக்கும். புளியோதரை எதற்கு இருக்கிறது? வெறும் சோறு அறை வெப்பத்தில் கிடந்தால், வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் விதைத்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. புளியின் டார்டாரிக் அமிலம் சோற்றைக் கிருமிகளுக்குப் பிடிக்காத புளிப்புக்குக் கொண்டுபோகிறது, உப்பும் எண்ணெய்யும் துணை நிற்கின்றன. மணாலியில் தங்கும் இடத்தில் சோறு மட்டும் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கலந்து கட்டிக்கொண்டால் முதல் நாள் மதியத்துக்கும் இரவுக்கும் கவலையில்லை. தயிர்சாதத்தை மட்டும் ஆசைப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். தண்ணீர்க் கனம், பேருந்தின் குலுக்கல், பகல் வெயில் மூன்றும் அதற்கு எதிரி.

ஒவ்வொரு நாளின் உணவையும் தனித்தனி உறையில் போட்டு, மேலே நாளின் எண்ணை எழுதிவிடுவது நல்ல பழக்கம். மூன்றாம் நாளே ஐந்தாம் நாளின் கடலைமிட்டாயில் கை வைக்காமலிருக்க அது உதவும். சின்னச் சின்ன ஷாம்பு உறை போன்ற பாக்கெட்டுகளை வீட்டிலேயே பிரித்துக் கொட்டிவிட வேண்டும். கணவாயின் பனிக்கட்டிகளுக்கிடையே கிழிந்த பாக்கெட்டுகள் பளபளப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அவலம் தெரியும். காலியான உறைகள் ஐந்தாம் நாள் முடியும்வரை பைக்குள்ளேயே இருக்கட்டும், எடை ஒன்றும் இல்லை.

கடைசியாக, ஆறாவது உறை ஒன்று. மழையிலோ பனியிலோ கணவாய் அடைபட்டு ஒரு நாள் கூடாரத்திலேயே கிடக்க நேரலாம், அடுப்பு பழுதாகலாம். அந்த உறையில் சோறு, பருப்பு ஏடு எதுவும் வேண்டாம். பொரிய வறுத்து அரைத்த சத்துமாவு இருநூற்றைம்பது கிராம், பொடித்த வெல்லம் நூறு கிராம், கொப்பரைத் துண்டுகள் ஐம்பது கிராம், கொஞ்சம் உப்பு. வடிகட்டிய ஓடை நீரைத் தெளித்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வரும், நெருப்பு வேண்டாம். நானூறு கிராமில் 1,600 கலோரிக்கு மேல் கிடைக்கும். படுத்துக் கிடக்கும் ஒரு நாளைக்கு அது போதும். தேவைப்படாமல் சத்ருவரை வந்துவிட்டால், கீழே இறங்கும் வண்டிக்காகக் காத்திருக்கும்போது அதைப் பிரித்து எல்லோருக்கும் கொடுங்கள்.